மூன்று விரல் ஈரல்

குழந்தையின் வயிற்றில் வைத்த கையை எடுக்கும் வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? உங்கள் வயதில் நானும் யார் பேச்சையும் கேட்டவள் இல்லை. அதனால் நான் அசிங்கப்பட்ட கதையையே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிழைத்துவிடும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடக்கக் கதை கேட்கிற வயது எனக்குப் போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். இப்போது அந்தக் கட்டடமே இல்லை, தேடிப் போகாதீர்கள். படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் ஊரே என்னைப் பார்க்கிறது என்கிற நினைப்பு. இன்னொரு பெருமையும் உண்டு. மற்ற டாக்டர்கள் கட்டிலருகே நின்று இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். நான் தமிழில் பேசுவேன். பெற்றவளுக்குப் புரிய வேண்டாமா என்று எல்லாரிடமும் நியாயம் பேசுவேன். அந்தப் பெருமைதான் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

அது கார்த்திகை மாதம். விடாத மழை. குழந்தைகள் வார்டு முழுக்கச் சளியும் இருமலும். ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். அதில் ஒருவன் வேலு, பத்து மாதம். கடற்கரையோரக் குப்பத்திலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. சளி நெஞ்சில் இறங்கி மூச்சு இரைத்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடும். அம்மா அஞ்சலாட்சிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மழையில் நனைந்த சேலையோடு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றாள்.

பென்சிலின் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் போனேன். நெஞ்சை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்து, கேட்டதைத் தாளில் எழுதினேன். பிறகு வயிற்றில் கை வைத்தேன். வலது விலா எலும்புக்குக் கீழே ஈரல் தட்டுப்பட்டது. விரலை வைத்து அளந்தேன்.

"ஈரல் மூணு விரல் இருக்கு சிஸ்டர், எழுதிக்குங்க" என்றேன், தெளிவான தமிழில்.

அஞ்சலாட்சி என் முகத்தையே பார்த்தாள். "மூணு வெரலா டாக்டரம்மா?"

"ஆமா, மூணு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் காலத்தை நீங்கள் பார்த்ததில்லை. அப்போது ஈரல் குலைக்கட்டி என்று ஒரு நோய் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஒரு வயசு, ஒன்றரை வயசுப் பிள்ளைகளுக்கு வரும். வயிறு உப்பும், ஈரல் கல்லாகும், கண் மஞ்சளாகும், பிறகு பிள்ளை இருக்காது. மருந்து கிடையாது. டாக்டர்கள் வாரா வாரம் விரல் வைத்து அளப்பார்கள். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். அந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அஞ்சலாட்சியின் தலைப்பிள்ளை அப்படிப் போனதுதான். அது எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நான் கேட்கவில்லை, அதனால் தெரியாது.

காலையில் வந்தால் கட்டில் காலியாக இருக்கிறது. ஆக்சிஜன் குழாய் தலையணைமேல் சுருண்டு கிடக்கிறது. வார்டு சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நாக்கு கொஞ்சம் காரம்.

"உங்க பேஷன்ட் கெளம்பியாச்சு டாக்டர். கையெழுத்துப் போடல, சொல்லல, ஒண்ணும் இல்ல. நான் பாலுக்குப் போன நேரத்துல தூக்கிட்டுப் போயிட்டாங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பீவியம்மா, பேரனுக்குத் துணையாக இருந்தவர், என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அல்லாவே, நீங்கதானம்மா மூணு வெரல்னு சொன்னீங்க! அந்தப் பொண்ணு சோத்தக்கூட தொடல. மொதப் புள்ளைக்கும் மூணு வெரல் ஆனப்பறம் பொழைக்கலியாம். விடிஞ்சதும் புருஷன் வந்தாரு. கீரப்பாளையத்துல ஈரலுக்குச் சூடு போடுறவரு இருக்காராம். மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

சூடு போடுவது என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வயிற்றில், ஈரல் இருக்கும் இடத்தில், இழுப்பது. மூச்சுக்கே திணறும் பிள்ளை அந்த வலியில் வீறிட்டு அழுதால், மிச்சம் இருக்கும் மூச்சும் அதோடு போய்விடும்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று வேலுவின் தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. மேலே நெஞ்சைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன்: இரண்டு பக்கமும் காற்று அடைத்து உப்பியிருக்கிறது, வலப்பக்கம் காற்றின் ஓசை வழக்கத்துக்கு மூன்று விரல் கீழ் வரைக்கும் கேட்கிறது. இரண்டு வரி தள்ளி இன்னொன்று எழுதியிருக்கிறேன்: ஈரல் மூன்று விரல். இரண்டும் ஒரே தாளில், ஒரே மையில். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை. சளியால் குழாய் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நுரையீரல் ஊதிப்போயிருக்கிறது. ஊதிய நுரையீரல் கீழே இருக்கிற ஈரலை அமுக்கித் தள்ளியிருக்கிறது. ஈரல் வீங்கவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சே, மடச்சி, மடச்சி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பயத்தை நீதானேம்மா குடுத்தே. நீயே போய்த் திருப்பி வாங்கிட்டு வா. வேனை எடுத்துக்க. திரும்பக் கடலூருக்குக் கொண்டுவந்து அலைக்கழிக்காதே, கீரப்பாளையத்துக்குச் சிதம்பரம்தான் பக்கம். அங்கேயே சேர்த்துடு."

சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் ஊசிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குறிஞ்சிப்பாடி வழியாகப் போனோம். ரோடெல்லாம் தண்ணீர். வேன் குலுங்கும்போதெல்லாம் சிலிண்டர் என் காலில் இடித்தது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது: அந்த இரும்பு அடுப்பில் போய்விட்டதா?

குறிஞ்சிப்பாடியில் அவர்களுக்கு அடுத்த பஸ் தவறியிருக்கிறது. அவர்கள் அங்கே காத்திருந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. கீரப்பாளையத்தில் வழி கேட்டு அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது, கரி அடுப்பில் அரிவாள் மூக்கு சிவந்துகொண்டிருந்தது. வேலு அம்மா மடியில் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் சூடு போடவில்லை. எனக்குத் தரையில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

அஞ்சலாட்சியின் புருஷன் தங்கராசு எழுந்து குறுக்கே நின்றான்.

"எங்க வந்தீங்க? நீங்கதான் சொல்லிட்டீங்களே. மொதப் புள்ளைக்கும் இப்பிடித்தான் வெரல் வச்சு வச்சுப் பாத்தீங்க. பாத்துப் பாத்தே கொன்னீங்க. இவனையாவது எங்க வழியில பாத்துக்கறோம். போயிடுங்க."

"நான் தப்பாச் சொல்லிட்டேங்க" என்றேன். "இது குலைக்கட்டி இல்ல."

"நேத்து ஒண்ணு சொல்லுவீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்லுவீங்க. எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. நானே அவன் இடத்தில் இருந்தால் என்னை நம்பியிருக்கமாட்டேன். சிலிண்டரைத் திறந்து குழாயை வேலுவின் மூக்கருகே பிடிக்க மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன். அதை அவன் தடுக்கவில்லை. பிள்ளைகளா, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வாயால் சொன்னதை வாயால் திருப்ப முடியாது. அவர்கள் காதுக்கே கேட்க வைக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு சின்னக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. சூடு போடுகிறவரின் பேத்தி, கிட்டத்தட்ட வேலு வயசுதான்.

"இந்தப் புள்ளய ஒரு நிமிஷம் குடுங்க" என்று அவரைக் கேட்டேன். "இதுக்கு ஈரல் நல்லா இருக்கில்ல?"

"அதுக்கென்ன, புள்ள குண்டுக்கல்லு மாதிரி இருக்குது" என்றார் அவர்.

"அஞ்சலாட்சி, சந்தையில பானை வாங்குனா தட்டிப் பாத்துத்தானே வாங்குவே? கையக் குடு."

அவள் இடது கை விரலை அந்தக் குழந்தையின் நெஞ்சில் படுக்க வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்ட வைத்தேன். மேலே டொம் டொம் என்றது. மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். முலைக்காம்புக்கு ஒரு விரல் கீழே ஓசை மாறி மொத் மொத் என்றது. அவள் கை நின்றது.

"மாறுது" என்றாள்.

"அங்க ஆரம்பிக்குது ஈரல். இன்னும் கீழ தட்டிக்கிட்டே போ. எங்க முடியுது?"

விலா எலும்பு முடிகிற இடத்தில் முடிந்தது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் விரல் வைத்து அளக்கச் சொன்னேன். நாலு விரல்.

"இப்ப உம்புள்ளய தட்டு."

வேலுவின் நெஞ்சில் தட்டினாள். டொம் டொம் என்று போய்க்கொண்டே இருந்தது. முலைக்காம்பு தாண்டியது. ஒரு விரல் தாண்டியது. இரண்டு, மூன்று தாண்டியது. நாலாவது விரலில்தான் மொத்தென்றது. அவளே கீழ் விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்தாள், அவளே அளந்தாள்.

"நாலு வெரல்தான்" என்றாள். திரும்பவும் அளந்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "மாமா, இதுவும் நாலு வெரல்தான் இருக்குது. பெருக்கல. கீழ எறங்கியிருக்குது."

"நெஞ்சுல காத்து அடைச்சுக்கிட்டு நிக்குது. அது ஈரலைக் கீழ தள்ளுது" என்றேன்.

"பஸ்ஸுல கூட்டம் ஏறுனா ஓரத்துல இருக்கறவ நவுந்து ஒக்கார்றாளே, அந்த மாதிரியா?"

"அதேதாம்மா! நவுந்தவ குண்டாயிட்டான்னு நான் சொல்லிட்டேன்."

தங்கராசு நம்பவில்லை. தானும் தட்டிப் பார்த்தான். வலை இழுத்துக் காய்த்துப்போன விரல், அவனுக்கு ஓசை பிடிபடவில்லை. ஆனால் சூடு போடுகிறவர் எழுந்து வந்தார். தன் பேத்தியை ஒரு தரம் தட்டினார், வேலுவை ஒரு தரம் தட்டினார், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு போய் அரிவாளை அடுப்பிலிருந்து எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் வைத்தார். சுர்ரென்று சத்தம் கேட்டது.

"ஈரல் கட்டின்னு கூட்டியாந்தீங்க, அடுப்பு மூட்டுனேன். இது ஈரல் கட்டி இல்லப்பா. அந்தம்மாகூடப் போ."

அந்த மனிதரை மூட நம்பிக்கைக்காரர் என்று யாரும் ஒரு வார்த்தை பேச நான் விடமாட்டேன். என்னைவிடச் சீக்கிரம் தப்பை ஒப்புக்கொண்டவர் அவர்.

சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த டாக்டர் நல்ல மனுஷன், அனுபவஸ்தர். உடனே ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார். பிறகு வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது.

"மூச்சு இரைக்குது, நாடி வேகமா ஓடுது, ஈரல் மூணு விரல். ஹார்ட் தாங்கல டாக்டர். டிஜிட்டாலிஸ் கொடுத்துடலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நிமோனியாவில் குழந்தையின் இதயம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கி ஈரல் நிஜமாகவே வீங்கும். அப்போது அந்த மருந்துதான் உயிர் காக்கும். ஆனால் இதயம் நன்றாக இருக்கும்போது, அதுவும் மூச்சுக் காற்று போதாத சின்னப் பிள்ளைக்கு, அதே மருந்து இதயத்தை நிறுத்திவிடலாம். நேற்று அவசரப்பட்டுப் பேசினேன். இன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் தப்பு.

"சார், மேல் விளிம்பும் இறங்கியிருக்கு. நீளம் நாலு விரல்தான். ரெண்டு மணி நேரம் கொடுங்க. ஹார்ட்டா இருந்தா ஈரல் அதுக்குள்ள இன்னும் வளரும். வளர்ந்தா நானே மருந்தைக் கொடுக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தானும் மேலே தட்டிப் பார்த்தார். "சரி, ரெண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆகக் கூடாது" என்றார். மருந்தை அளந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

புண்ணுக்குப் போடும் நீல மருந்தை எடுத்து, ஈரலின் மேல் விளிம்பில் ஒரு கோடு, கீழ் விளிம்பில் ஒரு கோடு போட்டேன். அரைமணிக்கு ஒரு தரம் தட்டினேன். அஞ்சலாட்சி என் தோளை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அரைமணி, கோடு தாண்டவில்லை. இரண்டாவது அரைமணி, தாண்டவில்லை. இரைப்பும் குறையவில்லை. மூன்றாவது தரமும் தட்டினேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தப் பிள்ளையை இரண்டாவது தடவை கொல்லப் பார்க்கிறேன் என்று அர்த்தம். அது உங்களுக்கும் ஒருநாள் வரும். வரும்போது ஓடிப்போகாதீர்கள், கட்டில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. ஈரல் கோட்டிலேயே நின்றது. உதட்டில் நீலம் போய் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. சிதம்பரத்து டாக்டர் அளந்து வைத்த மருந்தைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். அவர் போகும்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், அந்தத் தட்டுக்கு இன்றைக்கும் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அடுத்த நாள் நான் கடலூர் திரும்பிவிட்டேன். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். வேலு உட்கார்ந்து தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டரம்மா, தெனம் அளக்கறேன். மூணு வெரல் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. மேலயும் ஏறிக்கிச்சு. ஆனா அந்த ஒரு வெரல் மட்டும் போவ மாட்டேங்குது."

"அது போகாது. இந்த வயசுல நெறயப் புள்ளைங்களுக்கு அவ்வளவு தட்டுப்படும்."

"தெரியும்" என்றாள். "இந்த வார்டுல எல்லாப் புள்ளையும் தட்டிப் பாத்துட்டேன்."

அங்கிருந்த சிஸ்டர் என்னிடம் முறையிட்டார். "ஆமா டாக்டர், ஒரு கட்டில் விடல. எங்களுக்கு முன்னாடி இவுங்க ரவுண்ட்ஸ் வந்துடறாங்க." வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டேன். அடுத்த வருஷ மழையில் ஒரு காலை, கடலூரில், புற நோயாளிகள் வரிசையைத் தள்ளிக்கொண்டு அஞ்சலாட்சி உள்ளே வந்தாள். கையில் ஒரு பெண் குழந்தை, வேறு யாருடையதோ. அதன் தாய் பின்னால் ஓட முடியாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு இருமல், இரைப்பு.

"எங்க தெருப் புள்ள டாக்டரம்மா" என்றாள் மூச்சு வாங்க. "மேல தட்டிப் பாத்துட்டேன், இருக்க வேண்டிய எடத்துலதான் ஆரம்பிக்குது. ஆனா கீழ மூணு வெரல் வந்திருக்குது. ராத்திரி ரெண்டுதான் இருந்துச்சு. இது நவுந்தது இல்ல, பெருத்தது. சீக்கிரம் பாருங்க."

நான் தட்டினேன். அவள் சொன்னது அப்படியே சரி. நிமோனியா, அதோடு இதயமும் தளர ஆரம்பித்திருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்கிற விஷயம் இல்லை. அந்த நிமிஷமே டிஜிட்டாலிஸ் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் நாடி இறங்கியது. சாயங்காலம் ஈரல் இரண்டு விரலுக்கு வந்தது. அந்தப் பெண் குழந்தையும் பிழைத்தாள்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் தாளைப் பார்த்தார். "நேரத்துக்குக் கண்டுபிடிச்சிருக்கே. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கைவிட்டுப் போயிருக்கும்" என்றார்.

"நான் இல்ல சார். கண்டுபிடிச்சவங்க வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்காங்க."

அவர் வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். அஞ்சலாட்சி பதறி எழுந்தாள். எப்படித் தட்டினாய், காட்டு என்றார். மத்தியானம் தங்கராசு கொண்டுவந்து விட்ட வேலுவின் சட்டையைத் தூக்கி அவள் தட்டிக் காட்டினாள். பெரிய டாக்டரும் குனிந்து ஒரு தரம் தட்டினார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அய்யா, அவ்ளோ அழுத்தித் தட்டாதீங்க. மெள்ளத் தட்டுங்க. காதுல கேக்கறதுக்கு முன்னாடி வெரலுக்குத் தெரியும்."

முப்பது வருஷமாகக் குழந்தைகளைத் தட்டிப் பார்த்த அந்த மனிதர் தலையை ஆட்டினார். மெள்ளத் தட்டினார்.